செவ்வாய்க்கிழமை வரை நன்றாக இருந்த பிள்ளை

எட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போன வாரப் பக்கத்தில் எண்கள் கட்டத்துக்குள் அடங்கி வரிசையாக நிற்கின்றன. இந்த வாரப் பக்கத்தில் 7 பெரிதாகவும் 3 பொடியாகவும் இருக்கிறது, வரி கீழே சரிகிறது, ஒரே எண்ணை அழித்து அழித்து எழுதியதில் தாளே ஓட்டையாகியிருக்கிறது. அதே வாரத்தில்தான் பிள்ளை கழுவிய கையை மறுபடி கழுவப் போகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சிறுநீர் கழிக்க ஓடுகிறது. இரவு படுத்ததும் ‘அம்மா, நீ செத்துப்போயிட மாட்டியே?’ என்று நாற்பது முறை கேட்கிறது. எப்போதிலிருந்து இப்படி என்று விசாரித்தால், வீட்டில் யாரும் ‘கொஞ்ச நாளாகவே’ என்று இழுப்பதில்லை. ‘போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் நல்லா இருந்தான்’ என்கிறார்கள்.

அந்தக் கிழமையில்தான் விஷயம் இருக்கிறது. ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் பிள்ளைகளுக்கு வரும்போது பெரும்பாலும் பூனைபோல் வரும். முதலில் ஒரு சின்னப் பழக்கம், பிறகு இன்னொன்று. ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால்தான் வீட்டுக்கே புரியும். இதுவோ ஒன்றிரண்டு நாளில் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. இப்படி வெடித்து வரும் மனநல அறிகுறிகளுக்கும், அதற்குச் சற்று முன் வந்துபோன ஸ்ட்ரெப் (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா) தொண்டைத் தொற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் பாண்டாஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் கருத்து. கரடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன.

1998-ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சூசன் ஸ்வீடோவும் அவருடைய சகாக்களும் 50 பிள்ளைகளின் நிலையை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். பாண்டாஸ் என்று சொல்ல அவர்கள் ஐந்து நிபந்தனைகள் வைத்தார்கள். ஓசிடி அல்லது டிக் இருக்க வேண்டும். மூன்று வயதுக்கு மேல், பருவமடைவதற்குள் தொடங்கியிருக்க வேண்டும். திடீரென்று வந்து, தணிந்து, மறுபடி கிளம்ப வேண்டும். அந்தக் கிளம்பல்கள் ஸ்ட்ரெப் தொற்றோடு காலத்தால் ஒட்டியிருக்க வேண்டும். துறுதுறுப்பு, விரல்கள் பியானோ வாசிப்பதுபோல் நெளிவது போன்ற நரம்பியல் மாற்றம் தெரிய வேண்டும். இவையே அந்த ஐந்து நிபந்தனைகள். டிக் என்றால் கண்ணைச் சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது, தொண்டையைக் கனைப்பது மாதிரி அடக்க முடியாமல் வெட்டி வெட்டி வரும் அசைவும் ஒலியும். அந்த 50 பேரில் பையன்கள் பெண்பிள்ளைகளைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தார்கள். டிக் தொடங்கிய சராசரி வயது 6-ஐயும், ஓசிடி தொடங்கியது 7-ஐயும் தாண்டி இருந்தது.

நான்காவது நிபந்தனைதான் தலைவலி. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எப்போதுதான் தொண்டை வலி வராமல் இருக்கிறது? அதனால் 2012-ல் ஸ்வீடோ, லெக்மன், ரோஸ் மூவரும் சேர்ந்து, காரணத்தைக் கேட்காமல் அறிகுறியை மட்டும் பார்க்கும் இன்னொரு வரையறையை முன்வைத்தார்கள். அதன் பெயர் பான்ஸ். ஓசிடியோ, உணவைக் கடுமையாக ஒதுக்குவதோ திடீரென்று தொடங்க வேண்டும். கூடவே ஏழு வகை அறிகுறிகளில் குறைந்தது இரண்டு சேர்ந்து வர வேண்டும்: பதற்றம், நொடிக்கு நொடி மாறும் மனநிலை அல்லது சோர்வு, எரிச்சலும் மூர்க்கமும், வயதுக்குக் கீழே இறங்கி மழலை பேசுவது, படிப்பில் சரிவு, புலனுணர்விலோ அசைவிலோ மாற்றம், கடைசியாகத் தூக்கக் கேடு, படுக்கையை நனைப்பது, அடிக்கடி சிறுநீர் போன்ற உடல் அறிகுறிகள். வேறொரு நோய் இதைவிடப் பொருத்தமாக விளக்கிவிடக் கூடாது என்பது கடைசி நிபந்தனை. பாண்டாஸ் என்பது இன்று பான்ஸுக்குள் ஸ்ட்ரெப் சார்ந்த ஒரு பிரிவாகவே பார்க்கப்படுகிறது.

ஸ்ட்ரெப் கிருமி மூளையைத் தொடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாத நோய் ஒன்று இருக்கிறது. சிடன்ஹாம் கொரியா. தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1686-ல் எழுதிவைத்தது. ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ரூமாட்டிக் காய்ச்சலின் ஒரு முகம் அது. தொண்டைத் தொற்று வந்துபோன பல வாரங்கள், சில நேரம் ஆறு மாதம் கழித்து, கையும் காலும் முகமும் தன்பாட்டுக்கு நெளியத் தொடங்கும். நாக்கை நீட்டச் சொன்னால் சில நொடிகூட வெளியே நிறுத்த முடியாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்கள் விரலை இறுகப் பிடிக்கச் சொன்னால், பால் கறப்பவர் கைபோல் பிடி இறுகி இறுகித் தளரும். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அசைவு தெரிவதற்கு முன்பே ஓசிடி அறிகுறிகள் இருப்பதைக் கவனித்ததில்தான் பாண்டாஸ் என்ற யோசனையே பிறந்தது. நடைமுறையில் இதை மறக்கக் கூடாது. கொரியா என்று சந்தேகம் வந்த அன்றே இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும், ஏனென்றால் வால்வு கெடும் ஆபத்து இருக்கிறது. கொரியா உறுதியானால் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பென்சத்தீன் பென்சிலின் ஊசி என ஆண்டுக்கணக்கில் தடுப்பு தேவைப்படும். ‘பாண்டாஸாக இருக்கும்’ என்று இணையத்தில் படித்துவிட்டு கொரியாவைத் தவறவிடுவதுதான் இந்த வட்டாரத்தில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு.

உள்ளே என்ன நடக்கிறது? ஏ பிரிவு ஸ்ட்ரெப் கிருமி ஆள்மாறாட்டத்தில் கெட்டி. அதன் மேலுறையில் உள்ள சில சர்க்கரை, புரத அமைப்புகள் நம் உடலின் திசுக்களை ஒத்திருக்கின்றன. கிருமியை அடிக்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகளில் சில, ஆள் தெரியாமல் மூளையின் அடியாழத்தில் உள்ள பேஸல் கேங்லியாவிலும் போய் ஒட்டுகின்றன. எதைத் தொடங்குவது, எதை நிறுத்துவது என்று வடிகட்டும் இடம் அது. வடிகட்டி பழுதானால் எண்ணமும் அசைவும் நிற்காமல் திரும்பத் திரும்ப வரும். சாதாரணமாக ரத்தத்திலுள்ள ஆன்டிபாடி மூளைக்குள் நுழைய முடியாது, வழியில் தடுப்பு இருக்கிறது. எலிகளின் மூக்கில் மீண்டும் மீண்டும் ஸ்ட்ரெப் கிருமியைச் செலுத்திய ஆய்வுகளில், டிஎச்17 என்ற வெள்ளணுக்கள் வாசனை நரம்பின் வழியே மூளைக்குள் போய் அந்தத் தடுப்பைத் தளர்த்துவது தெரிந்தது. ஒரே ஒரு தொண்டை வலியைவிட அடுத்தடுத்து வரும் தொற்று ஏன் சந்தேகத்துக்குரியது என்பதற்கு இது ஒரு விளக்கம். பாண்டாஸ் பிள்ளைகளின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகள், பேஸல் கேங்லியாவின் ஒரு பகுதியான ஸ்ட்ரையேட்டத்தில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் இருக்கும் ஒருவகை நரம்பணுக்களைப் பிடித்து அவற்றின் வேலையைத் தணிக்கின்றன என்று 2021-ல் இன்னோர் ஆய்வு காட்டியது.

கதை அழகாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பின்தொடர்ந்து பார்க்கும்போது படம் அத்தனை தெளிவாக இல்லை. டென்மார்க்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவேடுகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில், ஸ்ட்ரெப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனவர்களுக்கு ஓசிடி வரும் வாய்ப்பு 51 சதவீதமும், டிக் நோய்க்கான வாய்ப்பு 35 சதவீதமும் கூடுதலாக இருந்தன. பாதிப் பிள்ளைகளுக்கு வருகிறது என்று இதைப் படிக்கக் கூடாது. பேச்சுக்கு ஆயிரத்தில் நான்கு பேருக்கு வரக்கூடியது ஆறு பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், அதுதான் இந்த 51. அதே ஆய்வில், ஸ்ட்ரெப் இல்லாத தொண்டைத் தொற்று வந்தவர்களுக்கும் வாய்ப்பு கூடியிருந்தது, சற்றுக் குறைவாக. ஆகவே குற்றவாளி ஸ்ட்ரெப் மட்டும்தானா என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது. ஏற்கெனவே டிக் உள்ள 715 பிள்ளைகளை ஐரோப்பாவில் பின்தொடர்ந்து 2021-ல் வெளியான ஆய்வில், புதிய ஸ்ட்ரெப் தொற்றுக்கும் டிக் முற்றுவதற்கும் தொடர்பு தெரியவில்லை. துறுதுறுப்பும் அவசரமும் மட்டும் ஓரளவு கூடின.

எங்கள் கணிப்பில் இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் முரண் இல்லை. டிக் என்பது இயல்பிலேயே ஏறி இறங்கும் நோய். ஆறேழு வயதில் தொடங்கி, பத்து பன்னிரண்டு வயதில் உச்சம் கண்டு, பெரும்பாலும் பதின்பருவத்தில் தணியும். ஸ்ட்ரெப் தொண்டையும் ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள்தான் அதிகம். இரண்டு அலைகள் ஒரே கடலில் அடிக்கும்போது அவ்வப்போது ஒன்றன்மேல் ஒன்று விழத்தான் செய்யும். எனவே, நாலு வருஷமாகக் கண் சிமிட்டும் பிள்ளைக்கு இந்த மாதம் தொண்டை வலியும் வந்து சிமிட்டலும் கூடினால், அது பாண்டாஸ் ஆகிவிடாது. எதுவுமே இல்லாதிருந்த பிள்ளை ஓரிரு நாளில் ஆளே மாறினால், அது வேறு கதை.

அப்படி மாறினால் முதல் வேலை தொண்டையைப் பார்ப்பது. ஸ்ட்ரெப் தொண்டை சட்டென்று வரும். காய்ச்சல், விழுங்கும்போது வலி, தாடைக்குக் கீழே தொட்டால் நோகும் நெரிக்கட்டி, டான்சிலில் வெள்ளைப் படலம், மேலண்ணத்தில் சிவப்புப் புள்ளிகள். இருமலும் மூக்கொழுகலும் இருந்தால் வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையே வலிக்காமல் வயிற்று வலி, வாந்தி, தலைவலி என்று மட்டும் வருவதும் உண்டு. பலர் பார்க்க மறக்கும் இன்னோர் இடம் ஆசனவாய். அதைச் சுற்றி ஓரம் வெட்டினாற்போல் கருஞ்சிவப்பாக, மலம் கழிக்கும்போது வலியோடு இருந்தால், அதுவும் இதே கிருமியின் வேலையாக இருக்கலாம். அங்கிருந்தும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் மாதிரி) எடுக்கலாம், ஆனால் எந்தக் கிருமியைத் தேடுகிறோம் என்று ஆய்வகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும்.

ஸ்வாப் எடுப்பதில்தான் பாதிப் பிழை. குச்சி இரண்டு டான்சில்களையும் தொண்டையின் பின்சுவரையும் அழுத்தித் தடவ வேண்டும். நாக்கிலும் கன்னத்திலும் பட்டு வந்தால் பயனில்லை. பிள்ளை குமட்டாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தால், குச்சி சரியான இடத்தைத் தொட்டதா என்று சந்தேகப்படுங்கள். சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ரேப்பிட் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவ் என்றால் பிள்ளைகளுக்கு, மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் போட வேண்டும், ஏனென்றால் ரேப்பிட் சிலரைத் தவறவிடும். கல்ச்சருக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளை உள்ளே போவதற்கு முன் ஸ்வாப் எடுத்தாக வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த மருந்தை இரண்டு வேளை கொடுத்துவிட்டு வந்தால், அதன்பின் வரும் நெகட்டிவுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்தது ஏஎஸ்ஓ, ஸ்ட்ரெப் கிருமிக்கு எதிரான ஓர் ஆன்டிபாடியின் அளவு. இந்த ரத்தப் பரிசோதனையை வைத்து நடக்கும் குழப்பத்துக்கு அளவில்லை. ஆய்வகத் தாளில் 200-க்கு மேல் என்று தடித்த எழுத்தில் வந்ததும் வீடே ஆடிப்போகிறது. பள்ளி வயதில் எந்த நோயும் இல்லாத பிள்ளைகளிலேயே பலருக்கு அது 200-ஐத் தாண்டியிருக்கும். என்றோ ஒருநாள் இந்தக் கிருமி வந்துபோனது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நேற்றா, மூன்று மாதத்துக்கு முன்பா என்று சொல்லாது. தொற்று வந்து ஒரு வாரத்தில் ஏறத் தொடங்கி, மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் உச்சம் தொட்டு, பிறகு மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். டிஎன்ஏஸ்-பி என்ற இன்னொரு ஆன்டிபாடி அதைவிடத் தாமதம், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சம். பயன்பட வேண்டுமென்றால் அறிகுறி தொடங்கியதும் ஒருமுறை, நான்கு வாரம் கழித்து ஒருமுறை, அதே ஆய்வகத்தில் எடுத்து, ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றை எண்ணை வைத்து நோயை முடிவு செய்வது, ஒரே ஒரு புகைப்படத்தைப் பார்த்து வண்டி முன்னால் போகிறதா பின்னால் வருகிறதா என்று சொல்வது போல.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. எந்த நோயும் இல்லாமல் தொண்டையில் இந்தக் கிருமியைச் சுமந்து திரியும் பிள்ளைகள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் வரை இருக்கிறார்கள். அவர்களுக்கு வைரஸ் சளி பிடித்திருக்கும்போது ஸ்வாப் எடுத்தால் ஸ்ட்ரெப் பாசிட்டிவ் என்றுதான் வரும். பாசிட்டிவ் ஸ்வாப்போடு காய்ச்சல், நெரிக்கட்டி, தேதி எல்லாம் ஒத்துப்போனால்தான் அது சாட்சி. மூளையைத் தாக்கும் நான்கு ஆன்டிபாடிகளையும் ஒரு நொதியின் செயல்பாட்டையும் அளப்பதாகச் சொல்லி விற்கப்படும் கன்னிங்ஹாம் பேனல் என்ற விலையுயர்ந்த பரிசோதனையும் இருக்கிறது. ஸ்வீடனில் நடந்த ஆய்வில் ஆரோக்கியமானவர்கள் பலருக்கே அது கோளாறு என்று காட்டியது. அதற்குச் செலவழிக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

ஸ்ட்ரெப் உறுதியானால் சிகிச்சையில் புதுமை ஒன்றும் இல்லை, எந்தப் பிள்ளைக்கும் கொடுப்பதுதான். அமாக்சிசிலின், உடல் எடையில் கிலோவுக்கு 50 மி.கி. வீதம், அதிகபட்சம் 1000 மி.கி., நாளுக்கு ஒரு வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ, 10 நாள். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளுக்கு 1000 மி.கி. என்று கணக்கு வரும். மருத்துவர் எழுதிய அளவைச் சரிபார்க்கத்தான் இந்தக் கணக்கு, நீங்களே வாங்கிக் கொடுக்க அல்ல. பென்சிலின் அலர்ஜி இருந்தால் மருந்தே மாறும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் பாட்டில் மறக்கப்பட்டுவிடும். ஆனால் அந்தப் பத்து நாள், வலியைப் போக்க மட்டும் கொடுப்பதல்ல. தொண்டையிலிருந்து கிருமியை முழுக்க விரட்டி ரூமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கத்தான். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தை ஆரம்பித்தாலும் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். எனவே கல்ச்சர் முடிவுக்காக ஒரு நாள் காத்திருப்பதில் ஆபத்தில்லை.

தொற்று இல்லாத பிள்ளைக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இதற்காக டான்சிலை அறுத்து எடுப்பதற்கும் இல்லை. நரம்பு வழியே கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகள்) பற்றி ஓயாமல் பேசுகிறார்கள். 1999-ல் 30 பிள்ளைகளுக்குள் நடந்த ஆய்வில் அதுவும், ரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்துவிட்டு மாற்றும் பிளாஸ்மா மாற்றமும் பெரிய முன்னேற்றம் தந்தன. 2016-ல் 35 பிள்ளைகளோடு நடந்த ஆய்வில் வெற்று மருந்துக்கும் அதற்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மிகக் கடுமையான நிலையில், அனுபவமுள்ள நிபுணர் குழு மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு அது. ஐபுப்ரோஃபென் சில நாள் கொடுத்துப் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகளில் பலர் சோறு தண்ணீரை ஒதுக்கியிருப்பார்கள். வெறும் வயிற்றில், நீர் வற்றிய உடம்பில் அந்த மருந்து வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும்.

உணவை ஒதுக்குவதன் காரணத்தைக் கேட்டுப் பாருங்கள். ‘குண்டாகிடுவேன்’ என்று பெரும்பாலும் சொல்லாது. ‘தொண்டையில் சிக்கிக்கும்’, ‘விஷம் கலந்திருக்கு’, ‘வாந்தி வரும்’ என்று சொல்லும். காலையில் எடை பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் அன்றே மருத்துவமனை. வலிப்பு, பேச்சு குறைந்துகொண்டே போவது, குழப்பம், சிலைபோல் உறைந்து நிற்பது, வாயும் முகமும் தானாகக் கோணுவது இவற்றில் எது தெரிந்தாலும் அவசரம்தான். தன்னுடல் தாக்கும் மூளை அழற்சியாக இருக்கலாம், அதற்குச் சோதனையும் சிகிச்சையும் வேறு. ‘செத்துப்போகணும்’ என்ற பேச்சு ஏழு வயதுப் பிள்ளையிடமிருந்து வந்தாலும் நிஜமாக எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். திடீர் மாற்றத்துக்குப் பின்னால் பள்ளியில் மிரட்டலோ, யாராவது தொந்தரவு செய்ததோ இருக்கிறதா என்பதையும் தனியாக, பதற்றமில்லாமல் கேட்டுவிட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது நீண்ட கதையைவிட ஒரு தாள் உதவும். இடப்பக்கம் தேதி. வலப்பக்கம் அன்று தொண்டை, காய்ச்சல், மருந்தின் பெயரும் வேளையும், சடங்குகளில் (கை கழுவுவதுபோல் பயத்தால் திரும்பத் திரும்பச் செய்பவற்றில்) போன நிமிடங்கள், எத்தனை முறை சிறுநீர், எத்தனை மணிக்குத் தூங்கியது. வாரம் ஒருமுறை ஒரே வாக்கியத்தை எழுதவைத்து அந்தத் தாளைச் சேர்த்து வையுங்கள். டிக் அசைவை அரை நிமிட வீடியோவாக, பிள்ளைக்குத் தெரியாமல் எடுங்கள். கேமராவைக் கண்டதும் அசைவு நின்றுவிடும், மருத்துவர் முன்னாலும் பெரும்பாலும் நிற்கும்.

இவ்வளவுக்கும் நடுவே ஓசிடிக்கு ஓசிடி சிகிச்சையைத்தான் செய்ய வேண்டும், கிருமி காரணமோ இல்லையோ. பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்கவைத்து, சடங்கைச் செய்யவிடாமல் பழக்கும் நடத்தைச் சிகிச்சைக்குத்தான் இதில் நல்ல பலன். ஓசிடிக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மனநல மாத்திரை தேவைப்பட்டால் வழக்கத்தைவிடக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள், ஏனென்றால் இந்தப் பிள்ளைகளில் சிலர் சாதாரண அளவிலேயே படபடத்துத் தூக்கம் கெடுவார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது அந்த நாற்பது கேள்விகளில் தொடங்குகிறது. ஒவ்வொரு ‘மாட்டேன் கண்ணா’வும் பயத்தைப் பத்து நிமிடம் தணித்து, பதினோராவது நிமிடத்தில் இன்னும் பெரிதாக்கும். முதல் முறை பதில் சொல்லுங்கள். இரண்டாவது முறை, ‘இது உன் ஓசிடி கேக்கற கேள்வி, நான் ஏற்கெனவே பதில் சொல்லிட்டேன்’ என்று கோபமில்லாமல் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அழுகை கூடும். நோய் உச்சத்தில் இருக்கும் முதல் வாரத்தில் இதைக் கடுமையாகப் பிடிக்க வேண்டாம்; பிள்ளை சாப்பிடவும் தூங்கவும் தொடங்கிய பிறகு நாற்பதை முப்பதாக, முப்பதை இருபதாகக் குறைத்தால் போதும். பள்ளிக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்: கேட்கும்போதெல்லாம் கழிப்பறைக்கு அனுப்பவும், கையெழுத்துக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம், வகுப்பில் யாருக்காவது ஸ்ட்ரெப் தொண்டை என்று தெரியவந்தால் அன்றே எங்களுக்குச் சொல்லவும்.